பெயர் மாறிய ஒரு வீதி

பாரிஸ் மாநகரின் நடுவே, மத்லேன் தேவாலயத்துக்கு அண்மையில், சிறு வீதியொன்று உண்டு. நெடுங்காலம் அது ரிஷ்பான்ஸ் என்னும் தளபதியின் பெயரைத் தாங்கி நின்றது. அவ்வழியே சென்றோரில் அப்பெயருக்குரியவன் யாரென அறிந்தோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். வீதிப் பெயர்களின் இயல்பு அது. நாள்தோறும் நாவில் புரள்வதனாலேயே அவை பொருளிழந்துவிடுகின்றன. ஆனால், கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவினர்க்கு அப்பெயர் மறக்கக்கூடியதன்று.

பிரெஞ்சுப் புரட்சியாளர் 1794இல் அடிமை முறையை ஒழித்தனர். எட்டாண்டுகள் சென்றபின் நெப்போலியன் அதற்கு மீண்டும் உயிரளித்தான். அக்காலத்திற் குவாதலூப்பை அடக்கப் படையுடன் சென்றவனே ரிஷ்பான்ஸ். அவனை எதிர்த்து நின்றவர் லூயி டெல்கிரே. கலப்பினத்தவரான அவரும் பிரெஞ்சுப் படையின் அதிகாரியே. உலகத்தார் அனைவரையும் விளித்து அறிக்கையொன்றை விடுத்துவிட்டு அவர் போரில் இறங்கினார். 1802 மே 28ஆம் நாள், மத்தூபா என்னுமிடத்தில் பகைவர் சூழ்ந்தபோது, வெடிமருந்துக்குத் தீயிட்டு ஏறக்குறைய 300 பேருடன் மாண்டார். அடிமை முறை மீண்டது. 1848 வரை நீடித்தது.

2001இல் பாரிஸ் மாநகர சபை ரிஷ்பான்ஸின் பெயரை அவ்வீதியிலிருந்து நீக்கியது. அவ்விடத்தில் யாருடைய பெயரைப் பொறித்தார்கள்? குவாதலூப்பில் அடிமைப் பெண்ணொருத்தியின் வயிற்றிற் பிறந்து, இசைப் புலவராகவும் வாள்வீரராகவும் பாரிஸிற் புகழ்பெற்ற செவாலியே த சென் ஜோர்ஜின் பெயரை. குறை கூறத்தக்க தேர்வன்று. எனினும், அவர் 1799இலேயே காலமானவர். ரிஷ்பான்ஸின் படையெடுப்பை அவர் கண்டதில்லை. எதிர்த்து மாண்ட டெல்கிரேயின் பெயரைத் தாங்கும் வீதியோ நகரின் கிழக்குப் புறத்தே, 20ஆம் வட்டாரத்தில் இருக்கிறது. அடிமைத்தளையை மீட்டவன் பெயர் இருந்த இடத்தில் அதனை எதிர்த்தவர் பெயரைப் பொறித்திருப்பின், அப்பலகையே மாணாக்கர்க்கு ஒரு சரித்திர பாடமாக அமைந்திருக்கும் என்பது எம் எண்ணம். இசைவாணரை ஏற்பதைப்போலக் கிளர்ந்தெழுந்தவரை ஏற்பது ஒரு தலைநகருக்கு எளிதன்று போலும்!

பிரான்ஸ் தன் பெருமக்களைப் போற்றும் பான்தியோன் மண்டபத்தில், 1998இல், டெல்கிரேயின் நினைவாக ஒரு கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. 1848இல் அடிமை ஒழிப்பு ஆணைக்கு வழிவகுத்த விக்டர் ஷோல்ஷேரின் உடல் 1949 முதல் அங்கேயே துயில்கிறது.

ரிஷ்பான்ஸின் பெயரும் பாரிஸை விட்டு முற்றாக நீங்கவில்லை. நெப்போலியன் கட்டத் தொடங்கிய வெற்றி வளைவின் சுவரில், ஏனைய தளபதிகளின் பெயர்களோடு அது இன்றும் காணப்படுகிறது.