லட்சுமியும் லெட்சுமியும் ஒரே ஆள்தான்!

நாளிதழ்களின் வரி விளம்பரப் பக்கத்தில், வீட்டு மனை விற்பனைக்கும் தொலைந்துபோன மதிப்பெண் பட்டியலுக்கும் நடுவே, அடிக்கடி ஒரு வகை அறிவிப்பு தென்படும். ராணுவ எண், பதவி, பெயர், முகவரி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு ஒரு முன்னாள் படைவீரர் அறிவிப்பார்: என் பணி ஆவணத்தில் மனைவியின் பெயர் இப்படிப் பதிவாகியிருக்கிறது, ஆதாரில் இப்படி இருக்கிறது, இரண்டும் ஒருவரே. சில சமயம் வித்தியாசம் ஒரே ஓர் ஆங்கில எழுத்துதான். அந்த ஓர் எழுத்துக்காக அவர் பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரியைப் பார்த்து, விளம்பரத்துக்கும் காசு கட்டியிருப்பார்.

பெங்களூரின் ஓசூர் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி இருக்கிறது சந்தாபுரா. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஊர். அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் தமிழ்நாடு. இங்கே வீடு கட்டிக் குடியேறிய ஒரு தமிழ் ஹவில்தார், தன் ஆவணத்தில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எங்கே போக வேண்டும்?

குடியிருக்கும் ஊரை வைத்து அது முடிவாவதில்லை. எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பதுதான் கணக்கு. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் அதிர்ஷ்டம். 1780இல் வேர்விட்ட அந்தப் படைப்பிரிவின் மையமும் ஆவண அலுவலகமும் பெங்களூரிலேயே, அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் சந்தாபுராவுக்கு அருகே பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டதால், ரயில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்துவிடலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆள் நீலகிரி வெலிங்டனுக்கு எழுத வேண்டும். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியாளர் படையான இ.எம்.இ.க்கு செகந்திராபாத், விமானப்படை வீரர்களுக்கு டெல்லி. முன்னாள் ராணுவத்தார் பேச்சில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: ‘ரெக்கார்ட்ஸ்’.

பிழை எப்படி நுழைகிறது?

பெரும்பாலும் முதல் நாளிலேயே. படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று கட்டங்கள் இருக்கும். தமிழரிடம் இருப்பதோ தன் பெயரும் அப்பாவின் இனிஷியலும். எழுதுபவர் இனிஷியலை விரித்து எழுதலாம், பின்னால் தள்ளலாம், விட்டும்விடலாம். ‘எஸ்.முருகன்’ ஓர் ஆவணத்தில் ‘முருகன் எஸ்’ ஆவார். இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயரையும் சேர்த்துக்கொண்டு நிற்பார். மனைவியின் பெயருக்கு இன்னும் ஆபத்து அதிகம். விடுமுறையில் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு யூனிட்டுக்குத் திரும்பும் ஜவான், விவரத்தை வாயால் சொல்ல, தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்தபடி எழுதுவார். லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி எல்லாம் அப்படிப் பிறந்தவைதான்.

அந்த விவரம் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவாக வெளியாகும். கல்யாணம், குழந்தை பிறப்பு என ஒரு வீரரின் சொந்த வாழ்க்கையில் நடப்பவை இதன் வழியாகத்தான் பணி ஆவணத்துக்குள் போகின்றன. அதில் ஏறாத குழந்தை, அலுவலகத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

பிறந்த தேதியின் கதை வேறு. வீட்டில் பிரசவம், பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்ட ஜூன் மாதத் தேதி என்று வளர்ந்த தலைமுறை அது. ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜூலை 1, மாதமும் ஆண்டும் தெரிந்தால் அந்த மாதத்தின் 16ஆம் தேதி என்று மத்திய அரசின் பொது நிதி விதிகளே வழி சொல்லியிருக்கின்றன.

தளபதிக்கும் இதே கதி

இந்தச் சிக்கல் ஜவான்களோடு நிற்கவில்லை. ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே.சிங்கின் மெட்ரிகுலேஷன் சான்றிதழில் பிறந்த தேதி 1951 மே 10. தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர, பள்ளிச் சிறுவனாக இருந்தபோது போட்ட விண்ணப்பத்தில் 1950. ராணுவத் தலைமையகத்திலேயே அட்ஜுடன்ட் ஜெனரல் கிளை ஒரு தேதியையும், மிலிட்டரி செக்ரட்டரி கிளை இன்னொரு தேதியையும் பல்லாண்டுகள் வைத்துக்கொண்டிருந்தன. 2006இல் இது பிரச்சினையாக வெடித்தது. பாதுகாப்பு அமைச்சகம் 1950 என்பதிலேயே நின்றது. பதவியில் இருக்கும்போதே அரசை எதிர்த்து நீதிமன்றம் போன முதல் தலைமைத் தளபதி ஆனார் அவர்.

2012 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றத்தில், நீதிபதிகள் ஆர்.எம்.லோதா, எச்.எல்.கோகலே முன் வழக்கு வந்தது. அவர் உண்மையில் எந்த ஆண்டு பிறந்தார் என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை. ஆவணத்தில் ஏற்கப்பட்ட தேதி எது, அதை அவரே முன்பு ஒப்புக்கொண்டாரா என்பதுதான் கேள்வியாக இருந்தது. மனு திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு மே 31 அன்று அவர் ஓய்வு பெற்றார்.

பிறந்த தேதியில் இந்தக் கண்டிப்பு புதிதல்ல. மத்திய அரசு ஊழியர்கள் பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குள் திருத்தம் கேட்டாக வேண்டும் என்பது 1979இல் வந்த விதி. 35 ஆண்டு கழித்துக் கேட்டவருக்கு, ஹர்நாம் சிங் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. ஓய்வை நெருங்கும் நேரத்தில் வயது குறைவதை எந்த அரசும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

பெயருக்குக் கதவு திறந்திருக்கிறது

பெயர், எழுத்துப் பிழை, மனைவியின் பிறந்த தேதி ஆகியவற்றுக்கு நிலைமை இவ்வளவு மோசமில்லை. ரெக்கார்ட்ஸுக்கு ஒரு விண்ணப்பம். கூடவே பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணை, ஆதார், பான் ஆகியவற்றின் நகல்கள், பிரமாணப் பத்திரம், நாளிதழ் விளம்பரம். ஒவ்வொரு ரெக்கார்ட்ஸும் கேட்கும் காகிதம் சற்றே மாறும். விண்ணப்பம் எழுத மாவட்ட சைனிக் நல அலுவலகம் உதவும். சரிபார்த்த பிறகு தகவல் பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்குப் போய், திருத்திய பிபிஓ வெளியாகும்.

காகிதக் காலத்தில் இந்தப் பிழைகள் தூங்கிக்கொண்டிருந்தன. வங்கி மேலாளருக்கு ஆளைத் தெரியும். நவம்பரில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் வாழ்நாள் சான்று முடிந்தது. ‘ஸ்பர்ஷ்’ என்ற இணையவழி ஓய்வூதிய முறைக்குக் கணக்குகள் மாறியதும் அந்தப் பிழைகள் விழித்துக்கொண்டன. உள்ளே நுழைந்ததும் உங்கள் விவரங்களைச் சரிபாருங்கள் என்கிறது அது. ஆளைத் தெரிந்த மேலாளர் அங்கே இல்லை. ஆதாரும் பிபிஓவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிழைகளைத் திருத்தவென்றே ‘ராணுவ ஆவணத் திருத்த வாரியங்கள்’ உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946 சட்டத்தின் வழியாக வந்தவை. பிழை தெரிந்த மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நியாயம் கருதி அந்தக் கெடுவையும் வாரியம் தளர்த்தலாம். ஆனால், அதே நாட்டில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீ, 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகளை அழித்தது. நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. வீட்டுப் பெட்டியில் பழைய காகிதத்தைப் பத்திரப்படுத்தியவர்கள்தான் தங்கள் பணியைச் சுலபமாக நிரூபிக்க முடிந்தது. நம் ஊர் டிஸ்சார்ஜ் புக்கும் அந்த ரகம்தான்.

இந்தப் பிழைகளுக்கு அதிக விலை கொடுப்பது பல வீடுகளில் வீரர் அல்ல, மனைவி. குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயதானால் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் 100 சதவீதம். பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருந்தால், அவருக்கு எப்போது எண்பது ஆனது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? கணவர் இருக்கும்போது, ‘இவர்தான் என் மனைவி’ என்று அவரே பிரமாணம் செய்து தரலாம். அவர் காலமான பிறகு, ஆவணத்தில் இருக்கும் அந்த லெட்சுமி தான்தான் என்று நிரூபிக்கும் வேலை, ராணுவ அலுவலக வாசலையே மிதித்திராத அந்த அம்மாவின் தலையில் விழுகிறது.