ஹெட்லைட்டும் சில சில்லறைத் திருத்தங்களும்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையத்துக்கோ, திருநெல்வேலிக்கோ, கழுகுமலை வழியாகக் கோவில்பட்டிக்கோ, மேற்கே புளியங்குடிக்கோ, எந்தத் திசையில் புறப்பட்டாலும், ஊர் எல்லையைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே தெருவிளக்குகளின் உதவி முடிந்துபோய், அதற்கு மேல் வண்டியின் சொந்த வெளிச்சத்தையே நம்பிப் பிரயாணம் செய்யவேண்டியதாகிறது. அந்தப் பாதைகளில் பூ மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றிவரும் வேன்களும், பின்விளக்கு இல்லாத சைக்கிள்களும், கிடை மாறும் ஆட்டு மந்தைகளும், தறி வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களும், மார்கழி தை மாதங்களில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் முருக பக்தர்களும் இரவெல்லாம் நடமாடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகையால், சொற்பச் செலவில் மோட்டார் காரைச் சீர்படுத்திக்கொள்ளும் வழிகளைப் பற்றி எழுதப் புகுந்த நான், இருக்கை உறையையும் பாட்டுப் பெட்டியையும் விட்டுவிட்டு, ஹெட்லைட்டிலிருந்து தொடங்குவதே நியாயம் என்று கருதுகிறேன்.

கார் அலங்காரக் கடைகளில் விற்கும் சாமான்களுக்கு இன்று கணக்கில்லை. அவற்றுள் பல, பார்வைக்கு விசேஷமாக இருப்பதோடு சரி. செலவு குறைந்து பலன் மிகுந்த திருத்தங்கள் எவை என்று ஆராய்ந்து பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை, தொழிற்சாலையிலேயே வண்டிக்கு அளிக்கப்பட்ட சக்தி எங்கேயோ வழியில் விரயமாவதைத் தடுத்து, அது உபயோகப்பட வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவையாகவே இருக்கக் காண்கிறோம். இதற்கு ஹெட்லைட்டைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேறொன்றும் இல்லை.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, முப்பது ஆண்டுக் காலம் நடுத்தரக் குடும்பங்களின் வாகனமாக விளங்கி, 2014-இல் உற்பத்தி நின்றுபோயிற்று. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்துவந்த அம்பாஸடருக்கும் அதே ஆண்டுதான் முடிவு வந்தது. ஆயினும் அவ்விரு வண்டிகளும் ஆம்னி போன்ற அவற்றின் சமகாலத்து வண்டிகளும் நம் பக்கத்து ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இத்தகைய பழைய வண்டிகள் பலவற்றில், விளக்குக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் முன்புறத்திலுள்ள பேட்டரியிலிருந்து புறப்பட்டு, ஃப்யூஸ் பெட்டிக்குப் போய், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஸ்விட்சில் நுழைந்து, டிம் பிரைட் ஸ்விட்சையும் கடந்து, மறுபடியும் முன்புறம் வந்து பல்பை அடைகிறது. பேட்டரிக்கும் பல்புக்கும் இடையே இரண்டடி தூரமே இருக்க, மின்சாரமோ சில மீட்டர் நீளமுள்ள மெல்லிய வயரிலே சுற்றி வரவேண்டியிருக்கிறது. செலவைச் சிக்கனப்படுத்துவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

இதனால் விளையும் நஷ்டத்தை ஜெர்மானிய விஞ்ஞானி ஓம் 1827-இல் வெளியிட்ட விதியைக் கொண்டு யாரும் கணக்கிட்டுவிடலாம். பிரைட் விளக்கு ஒவ்வொன்றும் 60 வாட். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 10 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் கனமுள்ள தாமிர வயர், ஒரு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம் தடையுடையது. ஆறு மீட்டருக்கு 0.1 ஓம் ஆகிறது. அந்த 0.1 ஓமில் 10 ஆம்பியர் பாயும்போது 1 வோல்ட் காணாமற் போய்விடும். இது புது வயரின் கணக்கு. ஆண்டுகள் செல்லச் செல்ல ஸ்விட்சின் உள்முனைகள் கருகியும், ஹோல்டரில் பச்சைக் களிம்பு படிந்தும், பாடியில் எர்த் கொடுத்த இடத்தில் துருப் பிடித்தும் தடை மேலும் ஏறுவதால், பழைய வண்டிகளில் 2 வோல்ட் வரை நஷ்டமாவது அபூர்வம் அன்று.

இரண்டு வோல்ட்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. ஹாலஜன் பல்பின் இழை, தன்மீது பாயும் மின்சாரத்தினால் பழுக்கக் காய்ந்தே ஒளி வீசுகிறது. அதன் சூடு சற்றே தணிந்தாலும், வெளிப்படும் சக்தியில் இன்னும் அதிகமான பங்கு கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிராகிவிடுவதால், பிரகாசம் வோல்டேஜின் விகிதத்தில் குறையாமல், அதன் 3.4-ஆம் அடுக்கை ஒட்டிக் குறைகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து, பல்புக்கு 12.8 மட்டும் கிடைத்தால், வெளிச்சத்தில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போயிற்று, 11.8 மட்டும் கிடைத்தால் நூற்றுக்கு நாற்பது பங்கு போய்விட்டது! வெளிச்சம் மங்கி மஞ்சளாகத் தோன்றுவதும் இதனால்தான். அப்படி இழந்த சக்தியும் சும்மா மறைந்துவிடுவதில்லை. 2 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 20 வாட் வெப்பம், வயரையும் ஸ்விட்சையும் ஒவ்வோர் இரவும் வறுத்துக்கொண்டிருக்கிறது. ஆட்டோ எலக்ட்ரீசியன் கடைகளில் கழற்றிப் போட்டிருக்கும் பழைய லைட் ஸ்விட்சு ஒன்றை எடுத்துப் பார்த்தால், பித்தளை முனையைச் சுற்றிலும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருப்பது பிரத்தியட்சமாகத் தெரியும்.

இதற்குப் பரிகாரம் ரிலே என்னும் சிறு கருவி. அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835-இல் இதைக் கண்டறிந்தார். நெடுந்தூரம் கடந்து பலவீனமாய் வந்துசேரும் தந்தி மின்சாரத்தைக் கொண்டு, அந்த இடத்திலேயே உள்ள வலுவான மின்சாரத்தைத் திறக்கவும் மூடவும் அது பயன்பட்டது. அதே தத்துவம்தான் காரிலும். தீப்பெட்டியைவிடச் சிறிய அந்தக் கறுப்புப் பெட்டியின் மூடியை நெம்பி எடுத்தால், உள்ளே இரும்புத் தண்டின்மேல் நெருக்கமாகச் சுற்றிய மெல்லிய தாமிரக் கம்பிச் சுருளும், அதன் தலைப்பில் ஒரு சிறு இரும்புத் தகடும், தகட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் வில்லும், ஒன்றையொன்று தொடக் காத்திருக்கும் இரண்டு உலோகப் பொட்டுகளும் காணப்படும். சுருளில் அற்ப மின்சாரம், அதாவது கால் ஆம்பியருக்கும் குறைவாக, பாய்ந்ததும் தண்டு காந்தமாகித் தகட்டை ‘டிக்’கென்று இழுக்க, பொட்டுகள் இணைந்து, 30 ஆம்பியர் வரை தாங்கக்கூடிய வழி ஒன்று திறந்துவிடுகிறது. ஆக, ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள ஸ்விட்சு இனிமேல் விளக்கு மின்சாரத்தைச் சுமக்கவேண்டியதில்லை. ரிலேக்கு உத்தரவு கொடுத்தால் போதும்.

ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்த நான்கு கால்கள் இருக்கும். உலகத்தின் பெரும்பாலான மோட்டார்க் கருவிகளில் இவ்வெண்கள் ஒரே அர்த்தம் உடையவை: 30-இல் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம், 87-இலிருந்து பல்புக்குச் செல்லும் மின்சாரம், 85, 86 இரண்டும் சுருளின் இரு முனைகள். டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலேக்கள் வைத்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் பொருத்தி, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரால் பல்புவரை இழுத்து, எர்த்தையும் அதே கனமுள்ள வயரால் பேட்டரிக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. பழைய ஹெட்லைட் பிளக்கையே உத்தரவு வயராகப் பயன்படுத்திக்கொள்ளும்படி தயாராகச் செய்த வயரிங் கிட்டுகள், சாமானியமாக ஆயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கின்றன. சில வண்டிகளில் ஸ்விட்சு எர்த் பக்கத்தில் அமைந்திருக்கும். எலக்ட்ரீசியன் அதைச் சோதித்துக்கொண்ட பிறகே வயரில் கை வைக்கவேண்டும். அண்மைக் காலத்து வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே ரிலே அமைந்திருப்பதால், விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியிலும் பல்பின் ஹோல்டரிலும் வோல்டேஜை அளந்து, வித்தியாசம் அரை வோல்ட்டுக்குமேல் இருந்தாலன்றி இந்தச் செலவில் இறங்க அவசியமில்லை.

வெளிச்சம் போதவில்லை என்றதும் 100 வாட் பல்பை வாங்கி மாட்டுகிறவர்கள் அநேகர். அது சட்டத்துக்கும் பொருந்தாது, மெல்லிய வயருக்கும் பொருந்தாது. ரிஃப்ளெக்டரின் பூச்சையும் சுட்டுவிடும். ஹாலஜனுக்காக அமைந்த விளக்கினுள் மலிவான எல்.இ.டி. பல்பைத் திணிப்பதும் பெருந்தவறு. எச்4 எனப்படும் பல்பில் இரண்டு இழைகள் இருப்பதையும், டிம் இழையின் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருப்பதையும் கவனித்தால் காரணம் விளங்கும்: மேலே சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யும் ஒளியை அந்தக் கிண்ணம் தடுக்கிறது, இழையின் ஸ்தானம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ரிஃப்ளெக்டரின் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். ஓட்டுகிறவருக்குத் தம் முன்னால் பளீரென்று இருப்பதாகத் தோன்றினாலும், எதிரே வருகிறவர் அந்த நொடியில் குருடராகிவிடுகிறார், அவருடைய வண்டிக்கும் நமக்கும் இடையே நடந்து போகிறவரின் உயிருக்கு உத்தரவாதம் யார்? இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது.

விளக்கின் நோக்கைச் சரிபார்ப்பதற்குச் செலவே இல்லை. சமதரையில், சுவருக்குப் பத்து மீட்டர் எதிரில் வண்டியை நிறுத்தி, டிம் விளக்கைப் போட்டால், சுவரில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் மத்திய உயரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்து விழவேண்டும். பின்சீட்டில் ஆட்களும் டிக்கியில் மூட்டைகளும் ஏறினால் மூக்கு உயர்ந்து வெளிச்சமும் மேலே போய்விடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

அடுத்தபடியாக, காசு செலவில்லாத இன்னொரு திருத்தம் கண்ணாடிகள். நம்மில் பலர், பக்கக் கண்ணாடியில் தம் வண்டியின் பக்கவாட்டே கால்வாசி தெரியும்படி வைத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜ் பிளாட்ஸர் என்ற அமெரிக்கப் பொறியியல் நிபுணர் 1995-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், மறைவுப் பிரதேசம் உண்டாவதற்கு இந்த வழக்கமே முக்கியக் காரணம் என்று காட்டி, மாற்று முறையும் சொன்னார். தலையை வலப்பக்க ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிச் சாய்த்துக்கொண்டு, வண்டியின் பக்கம் இலேசாகத் தெரியும் அளவுக்கு வலக் கண்ணாடியை வெளிப்புறம் திருப்பவேண்டும். பிறகு இரு சீட்டுகளுக்கும் நடுவே தலையைக் கொண்டுவந்து, இடக் கண்ணாடியையும் அவ்வாறே வைக்கவேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்ததும் நம் வண்டி கண்ணாடியிலிருந்து மறைந்துவிடும். நடுக் கண்ணாடியை விட்டு நழுவும் மோட்டார் சைக்கிள் உடனே பக்கக் கண்ணாடியில் பிரவேசிக்கும். இரண்டு மூன்று நாள் கண்ணுக்குப் பழகாமல் சங்கடமாயிருக்கும். பொறுத்துக்கொண்டால் பழைய நிலைக்குத் திரும்ப மனம் வராது. நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவி வட்டக் கண்ணாடியை ஓரத்தில் ஒட்டிக்கொள்வதும் நல்லதே; அதில் உருவங்கள் சிறுத்து, இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றுமாதலால், தூரத்தை அதைக்கொண்டு மதிப்பிடலாகாது.

டயருக்குச் சொந்தமாக ஒரு காற்று மானி வாங்கிக்கொள்ளும்படி எல்லாருக்கும் சொல்வேன். ஆயிரம் கிலோ எடையுள்ள கார், சக்கரம் ஒன்றுக்கு 250 கிலோவாகத் தரையில் அழுத்துகிறது. 30 பவுண்டு காற்று இருந்தால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு சுமார் 120 சதுர சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அகலமே. ஸ்டியரிங், பிரேக் இரண்டின் வேலையும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் நடக்கிறது. காற்று குறைந்தால் டயரின் கன்னங்கள் நெளிந்து சூடேறுவதோடு, செங்கோட்டைக் கணவாய் வழியே ஆடி மாதத்தில் வீசும் காற்று பக்கவாட்டில் மோதும்போது வண்டி சொன்னபடி கேட்காமல் அலைபாய்கிறது. வெயிலில் ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் உயர்ந்து காட்டும். ஆகவே காலையில், வண்டியை எடுக்குமுன் அளப்பதே சரி. எத்தனை பவுண்டு என்பது ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய தகட்டில் அச்சிட்டிருக்கும்.

வைப்பர் ரப்பரை ஐப்பசிக்கு முன் மாற்றுவதும், முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் எண்ணெய்ப் படலத்தை ஈரத் துணியால் துடைப்பதும், ஒற்றைச் சுருதி ஹார்னுக்குத் துணையாக இன்னொரு சுருதியில் ஒன்றைச் சேர்ப்பதும் சின்ன வேலைகள். ஹார்ன் நம் கோயம்புத்தூரிலேயே நன்றாகச் செய்கிறார்கள். மாறி மாறி ஒலிக்கும் பலசுருதி ஹார்னுக்கு மட்டும் விதிகளில் தடையுண்டு.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை அதே நீதிமன்றம் 2012-இலேயே தடை செய்தது. முன்புறம் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரில் உத்தரவிட்டது. ரிலே, வயர், கண்ணாடி, காற்று ஆகிய இவற்றில் எதுவும் அத்தடைகளுக்கு உட்படுவதில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள், அடுத்த தடவை பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க எலக்ட்ரீசியன் கடைக்குப் போகும்போது, விளக்கை எரியவிட்டு ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து சொல்லும்படி கேளுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டுக்கு வருமுன் இதைச் செய்துவிட்டால் நல்லது.