ஆமைக்கு முன் தொட்டியை வாங்குங்கள்

மீன் கடைகளில் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நீந்தும் பச்சை ஆமைக் குட்டியைக் காட்டி, "இது இவ்வளவுதான் வளரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஓடும் அந்தக் குட்டி, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ரெட் இயர்டு ஸ்லைடர். பெண்ணின் ஓடு 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். நன்றாகப் பராமரித்தால் 20, 30 ஆண்டுகள் வாழும். விருதுநகர் மாவட்டத்து ஆமத்தூரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இன்று வாங்கித் தரும் குட்டி, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமான பிறகும் வீட்டில் இருக்கும்.

ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது ஆமை வளர்ப்பவர்கள் போடும் கணக்கு. பத்து அங்குல ஆமைக்கு 400 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் கொள்ளும். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் இருந்தால், ஆமை ஏறி வெளியே வராதபடி மேலே அரையடி விட்டும் 425 லிட்டர் நிற்கும். ஆண் சிறியது, நான்கடி போதும். ஆனால் குட்டியில் ஆணா பெண்ணா என்று தெரியாது. பெண் என்றே வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

அந்த ஐந்தடித் தொட்டி, கண்ணாடியோடு சேர்த்து அரை டன் எடை. மாடியில் வைக்காமல் தரைத்தளத்தில், அடியில் தெர்மோகோல் விரித்து வையுங்கள். கண்ணாடிதான் வேண்டும் என்பதும் இல்லை. பழைய பிளாஸ்டிக் தண்ணீர் டேங்கின் மேல்பாதியை அறுத்தெடுத்தால் ஆமைக்கு அருமையான தொட்டி. விரிசல் பயம் இல்லை, செலவும் குறைவு. அழகைவிட இடவசதிதான் முக்கியம் என்பேன்.

விருதுநகர் மாவட்டத்தில் தண்ணீரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆமை மீனைவிடப் பல மடங்கு அசுத்தம் செய்யும் என்பதால், தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு, மூன்று மடங்குக்கான ஃபில்டர் வேண்டும். அப்படியும் வாரம் நூறு லிட்டராவது மாற்ற வேண்டும். இறைத்த தண்ணீர் முருங்கைக்கும் தென்னைக்கும் நல்ல உரம். பச்சையாகத் தின்னும் கீரைக்கு மட்டும் ஊற்றாதீர்கள். ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். அதனால்தான் அமெரிக்கா 1975-லேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனைக்குத் தடை போட்டது. தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். பட்டாசு ஆலையிலிருந்து திரும்புபவர்கள் தொடும் முன்னும் கழுவ வேண்டும். அலுமினியப் பொடி தொட்டிக்குள் போகக் கூடாது.

நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் தேவைப்படாது. தண்ணீர் சூடேறுவதுதான் ஆபத்து. 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும். ஆமை முழுதாக ஏறி உலர ஒரு மேடு வேண்டும், அதன் மேல் யுவிபி எனும் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது. அது கிடைக்காத ஆமைக்கு ஓடு மெலிந்து வளையும்.

கண்மாயில் கிடைத்த பாலாமையையோ காட்டில் கண்ட நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைக்கவே கூடாது. வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை அவை. 3 முதல் 7 ஆண்டு சிறை. வளர்க்க முடியாமல் போன ஸ்லைடரைக் கண்மாயில் விடுவதும் பெருந்தவறு. உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் நம் ஆமைகளோடு போட்டியிடும் இந்த இனம், உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களில் ஒன்று. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் நீர்நிலையில் தென்பட்ட பிறகு, பீச்சி வன ஆராய்ச்சி நிலையம் அவற்றைச் சேகரிக்கத் தொடங்கியது. வைத்திருக்க இயலாவிட்டால் வனத்துறையிடம் கேளுங்கள்.

பழைய தொட்டி வாங்குவதானால், விற்பவர் வீட்டிலேயே செய்தித்தாள் விரித்து, அதன் மேல் தொட்டியை வைத்து முழுதாக நிரப்பி ஒருநாள் விட்டுப் பாருங்கள். சிலிக்கான் ஒட்டிய மூலைகளுக்கு நேர்கீழே தாளில் ஒரு விரல்கடை ஈரம் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.