உதட்டுக்குள் ஏறும் அந்த ஒரு மில்லி… தெரியுமா?

உதட்டைப் பூரிப்பாகக் காட்ட ஊசி வழியாக ஏற்றுகிறார்களே ஃபில்லர், அந்த நிறமற்ற ஜெல்லின் மூலப்பொருளைத் தருவது யார் தெரியுமா? ஒரு பாக்டீரியா! ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையைச் சேர்ந்தது; தொண்டைப்புண்ணைக் கொண்டுவரும் கிருமிக்கு நெருங்கிய சொந்தம். தொழிற்சாலைக் கலன்களில் அதைப் பெருக்கி, அது சுரப்பதைப் பிரித்து, சுத்திகரித்து, பதப்படுத்தி, சிரிஞ்சில் அடைக்கிறார்கள். இன்று அதிகம் பயன்படும் உதட்டு ஃபில்லர்கள் இப்படி வந்தவைதான்.

சரி, ஒரு கிருமி எதற்காக இதைச் சுரக்க வேண்டும்? ஒளிந்துகொள்ள! இந்தப் பொருளின் பெயர் ஹையலூரோனிக் அமிலம். நம் தோலில், மூட்டில், கண்ணுக்குள் இருப்பதும் இதேதான். இதைப் போர்த்திக்கொண்டு கிருமி உள்ளே நுழைந்தால், நம் நோய் எதிர்ப்புப் படை ‘நம்ம ஆள்தான்’ என்று விட்டுவிடுகிறது. கிருமியிலிருந்து எடுத்தாலும் சேவலிலிருந்து எடுத்தாலும் மனிதரிலிருந்து எடுத்தாலும் இந்த மூலக்கூறின் அமைப்பு ஒன்றே ஒன்றுதான். நம்மை ஏமாற்றக் கிருமி பூண்ட வேடம், நம் உடம்பு சண்டை போடாமல் ஏற்றுக்கொள்ளும் மருந்துப் பொருளானது. இந்தக் கதை முழுவதிலும் என்னை வாய் பிளக்க வைத்தது இதுதான்!

முதன்முதலில் இது எங்கே கிடைத்தது தெரியுமா? மாட்டின் கண்ணில்! 1934-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணை நிரப்பியிருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு தொப்புள்கொடியிலும் இருப்பது தெரியவந்தது. அடுத்த ஆச்சரியத்தைக் கேளுங்கள். ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி எண்ட்ரே பலாஸ், 1942-ல் இதற்கு ஒரு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அழகுக்காகவும் இல்லை, மருந்துக்காகவும் இல்லை. பேக்கரியில் முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதிலாகப் பயன்படுத்த! இன்று உதட்டுக்குள் போகிற பொருள், அன்று கேக்குக்குள் போகப் பார்த்தது.

அதே பலாஸ்தான் பின்னாளில் சேவல் கொண்டையைக் கையில் எடுத்தார். ஆமாம், சேவலின் தலையில் சிவப்பாக நிமிர்ந்து நிற்கிறதே, அந்தக் கொண்டை! ஹையலூரோனிக் அமிலம் அங்கே அபரிமிதமாக இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து முதலில் பந்தயக் குதிரைகளின் மூட்டில் ஏற்றினார்கள். 1980-ல் கண்புரை அறுவை சிகிச்சைக்கான ஜெல்லாகச் சந்தைக்கு வந்தது. கண்ணுக்குள் லென்ஸைப் பொருத்தும்போது உள்ளே இருக்கும் மெல்லிய திசுக்கள் கசங்காமல் காப்பது இதன் வேலை. மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் ‘ஜெல் ஊசி’ போட்டுக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அதுவும் இதே குடும்பம்தான். அம்மாவின் முழங்காலிலும், தாத்தாவின் கண்புரை ஆபரேஷனிலும், சினிமா நட்சத்திரத்தின் உதட்டிலும் ஒரே மூலக்கூறு!

உங்கள் உடம்பில் இது எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவரிடம் ஏறக்குறைய 15 கிராம். அதில் பாதி தோலில். மூன்றில் ஒரு பங்கை, அதாவது ஏறக்குறைய 5 கிராமை, உடம்பு தினமும் அழித்துப் புதிதாகச் செய்துகொள்கிறது. உதட்டு ஃபில்லர் ஒரு சிரிஞ்சில் இருப்பதோ 1 மில்லி ஜெல், ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஜெல்லுக்குள் இந்த அமிலம் 20 மில்லிகிராமுக்கு முன்னே பின்னே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: காசு கொடுத்து ஏற்றிக்கொள்வதைப் போல 250 மடங்கை உங்கள் உடம்பு ஒரே நாளில், ஓசையில்லாமல், இலவசமாகச் செய்கிறது!

அப்படி அழித்துவிடுமென்றால் ஃபில்லர் மட்டும் எப்படி மாதக்கணக்கில் நிற்கிறது? இயற்கையான அமிலத்தை அப்படியே ஏற்றினால் ஓரிரு நாளில் பெரும்பகுதி போய்விடும். அதனால் அதன் நீண்ட இழைகளை வேதிப்பொருள் ஒன்றால் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைக்கிறார்கள். உதிரிப்பூவை நாரில் தொடுத்தால் சரமாக நிற்கிறதே, அப்படி. பிணைப்பு கூடினால் ஜெல் கெட்டியாகும், நீண்ட நாள் இருக்கும், குறைந்தால் இளகும். கன்ன எலும்பின் மேல் வைப்பது வேறு, உதட்டில் வைப்பது வேறு. பேச, சிரிக்க, சாப்பிட, ஊத என்று நாள் முழுதும் அசைந்துகொண்டே இருப்பது உதடு. அங்கே மிருதுவான வகைதான் சரிப்படும். அங்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு.

இந்தப் பிணைப்பு வித்தையை பாக்டீரியா அமிலத்தில் செய்து ‘ரெஸ்டிலேன்’ என்று ஃபில்லராக 1996-ல் ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் உப்சாலா நகரத்து நிறுவனமான க்யூ-மெட். 2003-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி தந்தது. ஆனால் எதற்கு? மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழும் கோட்டுக்கு! உதட்டுக்கென்று தனியாக அனுமதி கிடைத்தது 2011-ல்தான், அதுவும் 21 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். இடையில் எட்டு வருடம்!

இதற்கு முன்னால் என்னவெல்லாம் ஏற்றினார்கள் தெரியுமா? படித்தால் உடம்பு சிலிர்க்கும். 1899-ல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர், காசநோயால் விரைகளை இழந்த ஓர் இளைஞனுக்கு அந்த இடத்தில் வாஸலீன் ஏற்றி வடிவம் கொடுத்தார். வாஸலீன்! அவ்வளவுதான், ஐரோப்பா முழுக்க மெழுகு ஊசி மோகம் பற்றிக்கொண்டது. கிளாடிஸ் டீக்கன் என்ற அமெரிக்கப் பேரழகி, கிரேக்கச் சிலையின் மூக்கு வேண்டும் என்று தன் மூக்குத் தண்டில் பாரஃபின் மெழுகை ஏற்றிக்கொண்டார். அப்போது அவருக்கு இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயது. மெழுகு நின்ற இடத்தில் நிற்கவில்லை. மெல்ல மெல்ல நழுவிக் கன்னத்துக்கும் தாடைக்கும் போய்விட்டது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் மார்ல்பரோ சீமாட்டியான அவருடைய நீலக் கண்களை பிளெனிம் அரண்மனையின் முகப்பு மண்டபக் கூரையில் இன்றும் ஓவியமாகப் பார்க்கலாம். முகத்தை மட்டும் எவராலும் பழையபடி ஆக்க முடியவில்லை. மெழுகு ஏற்றிய பலருக்குப் பல வருடம் கழித்துக்கூடக் கட்டிகள் முளைத்தன.

மெழுகுக்குப் பிறகு திரவ சிலிகோன் வந்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் தொடங்கி அமெரிக்கா வரை பரவி, அதே கட்டிகளையும் புண்களையும் திரும்பக் கொண்டுவந்தது. 1981-ல் மாட்டுத்தோல் கொலாஜனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்கையில் சோதனை ஊசி போட்டு, ஒவ்வாமை வருகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்து ஏற்றினாலும் சில மாதத்தில் கரைந்துவிடும். எண்பதுகளின் ஹாலிவுட் உதடுகள் பலவற்றில் இருந்தது மாட்டுத்தோல்தான்!

மனித உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பி கிடையாது, தெரியுமா? முடியும் கிடையாது. மேல்தோல் அத்தனை மெல்லிசு. அடியில் ஓடும் ரத்தத்தின் நிறம்தான் வெளியே தெரிகிறது. உதட்டுக்குள் வாயைச் சுற்றி ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அது எந்த ஆழத்தில் ஓடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே உதட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட மாறலாம். ஊசி அதில் பட்டுவிடக் கூடாது; அதனால்தான் கைதேர்ந்த மருத்துவர்கள் சிலர் இப்போது அல்ட்ராசவுண்டில் குழாயைப் பார்த்துவிட்டு ஊசியைத் தொடுகிறார்கள். சரியான ஆழம் என்பது மில்லிமீட்டர் சமாச்சாரம்.

ஒட்டகங்களும் உதடு வீங்க வைத்துக்கொள்கின்றன என்றால் நம்புவீர்களா? சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்அஜீஸ் ஒட்டகத் திருவிழாவில் அழகுப் போட்டிக்குக் கோடிக்கணக்கில் பரிசு. தொங்கும் உதடும் பெரிய மூக்கும் அங்கே அழகு. 2021 டிசம்பரில், போடாக்ஸ், ஃபில்லர் போன்றவற்றால் அழகு கூட்டியதற்காக 40-க்கும் மேற்பட்ட ஒட்டகங்களைப் போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள்! வாயில்லா ஜீவன், அது கேட்டதா இந்த ஊசியை?

2015 ஏப்ரலில் நடந்தது இன்னும் மோசம். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னரின் உதடு போல வேண்டும் என்று, கண்ணாடிக் குவளைக்குள் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சி உதட்டை வீங்க வைக்கும் ‘சவால்’ இணையத்தில் பரவியது. உதடு கறுத்துக் கன்றிப்போன படங்களைப் பதின்வயதுப் பிள்ளைகள் பகிர்ந்தார்கள். அடுத்த மாதமே கைலி தன் உதட்டில் இருப்பது ஃபில்லர் என்று தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார். குவளையை உறிஞ்சிய பிள்ளைகளுக்கு அந்த உண்மை ஒரு மாதம் முந்தி வந்திருக்கக் கூடாதா?

ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் செலுத்தும் ‘ஹையலூரோன் பேனா’ இணையத்தில் விற்கிறது. தயவுசெய்து தொடாதீர்கள். ஜெல் எந்த ஆழத்துக்குப் போகிறது என்பது அதைப் பிடித்திருப்பவர் கையில் இல்லை. 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. வெளிப்படையாகவே எச்சரித்தது. அதே மாதம் முதல் தேதியிலிருந்து இங்கிலாந்தில், 18 வயது நிறையாதவருக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவதே குற்றம்.

எல்லாம் கரைந்துவிடும் என்கிறார்களே, உண்மையில் கரைகிறதா? எம்.ஆர்.ஐ. படங்களில், கன்னப் பகுதியில் வருடக்கணக்கில் ஃபில்லர் தங்கியிருப்பதைக் கதிரியக்க மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ‘போன தடவை போட்டது போயே போச்சு’ என்று மேலும் மேலும் ஏற்றிக்கொள்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று: 2020-ல் மாடர்னா கொரோனா தடுப்பூசிப் பரிசோதனையில், ஏற்கெனவே ஃபில்லர் போட்டிருந்த சிலருக்கு முகமோ உதடோ வீங்கியது, பிறகு சரியானது. உடம்பு உஷாராகும்போது, உள்ளே சும்மா கிடந்த ஜெல்லையும் ஒரு கண் பார்க்கிறது!

இப்போது விஷயத்தின் உச்சத்துக்கு வருகிறேன். இந்த ஜெல்லுக்கு ஒரு முறிமருந்து இருக்கிறது. அதன் பெயர் ஹையலூரோனிடேஸ், ஒரு நொதி. 1928-ல் ஃபிரான்சிஸ்கோ டுரான்-ரெய்னால்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், விலங்குகளின் விந்தகச் சாறு கலந்தால் தோலில் வைரஸ் தொற்று வேகமாகப் பரவுவதைக் கண்டார். ‘பரப்பும் காரணி’ என்று அன்று சொன்னது பின்னாளில் இந்த நொதி என்று தெரிந்தது. வேறெங்கே இருக்கிறது தெரியுமா? பாம்பு விஷத்தில்! திசுக்களுக்கு இடையிலுள்ள ஹையலூரோனிக் அமிலத்தை இந்த நொதி கரைத்து வழி திறந்துவிடுவதால்தான் விஷம் கடிவாயிலிருந்து சரசரவென்று பரவுகிறது. விந்தணுவிலும் இருக்கிறது! கருமுட்டையைச் சுற்றியுள்ள செல்களைப் பிடித்துவைத்திருப்பது இதே அமிலம். விந்தணு அதைக் கரைத்துக்கொண்டுதான் முட்டையை அடைகிறது.

உதட்டில் ஜெல் கட்டிதட்டினாலோ கோணலானாலோ இந்த நொதியை ஏற்றிக் கரைத்துவிடலாம். மெழுகுக்கும் சிலிகோனுக்கும் இல்லாத பாக்கியம் இது! அதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று உண்டு. ஜெல் தவறி ரத்தக்குழாய்க்குள் போனாலோ குழாயை அழுத்தினாலோ அந்தப் பகுதிக்கு ரத்தம் நின்றுவிடும். தோல் திடீரென்று வெளுக்கும், அல்லது வலைபோட்டதுபோல ஊதா நிறம் படரும். வலி கூடும். ஆனால் ஜெல்லிலேயே மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் கலந்திருப்பதால் வலி ஆரம்பத்தில் தெரியாமலும் போகலாம். அரிதாக நடப்பதுதான்; நடந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நிறைய அளவில் ஹையலூரோனிடேஸ் ஏற்றி அடைப்பைக் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் திசு செத்துப்போகும். ஊசி போடுபவர் தகுதியுள்ள மருத்துவரா, சிரிஞ்சில் இருப்பது ஹையலூரோனிக் அமிலம்தானா, நொதி அதே அறையில் இருக்கிறதா? உட்காருவதற்கு முன் வாய்விட்டுக் கேளுங்கள். அழகு நிலையத்தில் ‘சலுகை விலை’ என்று இழுப்பவரிடம் இந்த மூன்றுக்கும் பதில் இருக்குமா?

கேட்கும்போது உங்களைப் பற்றிய ஒரு செய்தியையும் சொல்லிவிடுங்கள். தேனீ கொட்டினால் எப்போதாவது உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டியதுண்டா? தேனீயின் விஷத்திலும் ஹையலூரோனிடேஸ் இருக்கிறது! அப்படிப்பட்டவருக்கு முறிமருந்தே ஒவ்வாமையைக் கிளப்பலாம் என்பதால், ஃபில்லர் ஏற்றுவதற்கு முன்பே மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.