படுக்கை ஓய்வும் தசை இழப்பும்

தாமாகவே நடந்து வந்து மருத்துவமனையில் சேர்ந்த முதியவர், காய்ச்சல் தணிந்து வீடு திரும்பும்போது இருவரின் தோளைப் பற்றிச் செல்வதை நாம் அடிக்கடி காண்கிறோம். நோய் நீங்கிய பின்னும் கால்கள் வலுவிழப்பது ஏன்?

நம் தசை நாள்தோறும் சிறிது சிதைந்து, சிறிது புதிதாகக் கட்டப்படுகிறது. நடப்பதும் எழுவதுமே தசையைக் கட்டுமாறு உடலைத் தூண்டுகின்றன. அவை நின்றால் கட்டுமானம் குறையும். நோயோ சிதைவை மிகுதியாக்கும். 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சராசரியாக 67 வயதுடைய நலமான முதியோர் 10 நாள்கள் படுக்கையில் இருந்தனர். அதற்குள் அவர்களது கால்களின் தசை ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது.

படுக்கையிலேயே தொடங்கலாம்

மருத்துவர் இசைவளித்ததும் பின்வரும் பயிற்சிகளைச் செய்யலாம்:

• பாதங்களை மேலும் கீழும் அசைத்தல்.
• முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்துதல்.
• கால்களைத் தொங்கவிட்டு, கட்டிலின் ஓரத்தில் அமர்தல்.
• கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக அமர்தல்.

ஒவ்வொன்றையும் பத்து முறை, நாளொன்றுக்கு மூன்று வேளை செய்வது நன்று. எழும்போது தலை சுற்றக்கூடும். ஆதலால் சற்றுநேரம் அமர்ந்திருந்த பின்னரே நிற்க வேண்டும், அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும். அன்பின் மிகுதியால் அனைத்தையும் கட்டிலுக்கே கொண்டு தருகிறோம். நிற்க முடிந்தவரைக் கைப்பிடித்து உணவு மேசைக்கு அழைத்துச் செல்வதே மேலான உதவி.

உணவில் புரதம்

தசையைக் கட்டுவதற்கான பொருள் புரதம். நலமான முதியோருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். நோயிலிருந்து தேறுவோருக்கு இதனினும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

பத்தியம் எனக் கருதிப் பல நாள் கஞ்சியும் ரசஞ்சோறும் மட்டுமே தருவது வழக்கம். அவற்றில் புரதம் மிகச் சொற்பம். கடலோரமான நம் காரைக்காலில் மீனுக்குக் குறைவில்லை. ஆயினும் குழம்பைப் பிசைந்து ஊட்டிவிட்டு மீன் துண்டை ஒதுக்கிவிடுகிறோம். புரதம் அத்துண்டில்தான் உள்ளது. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும், ஒரு குவளைப் பாலில் 6 கிராமும் புரதம் உண்டு. சைவ உணவினருக்குப் பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, தயிர் ஆகியவை துணைசெய்யும். ஒரே வேளையில் மிகுதியாக உண்பதைவிட மூன்று வேளையும் பகிர்ந்து உண்பது நல்லது.

கவனம் தேவை

சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது. எலும்பு முறிவு, இதய நோய் உள்ளோர் பயிற்சிக்கு முன் ஆலோசனை பெறுக. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இழந்த தசை சில நாள்களில் மீளாது, வாரங்கள் ஆகும். முதலில் வாசல் வரை, பின்னர் தெருமுனை வரை எனச் சிறிது சிறிதாகத் தொலைவைக் கூட்டுக. அம்மையார் கோயிலுக்கோ கடற்கரைக்கோ துணையின்றி நடந்து செல்லும் நாளை இலக்காகக் கொள்ளுங்கள்.