மூன்று மாத ஓய்வு வாங்கித் தந்த சான்று

இயற்கை விளைபொருளுக்குச் சான்று கொடுப்பது உங்களுக்குத் தெரியும். காயலில் முங்கிக் கையால் அள்ளும் மட்டிக்கும் சான்று உண்டு என்றால் நம்புவீர்களா? கேரளத்தின் கொல்லத்தை ஒட்டியுள்ள அஷ்டமுடி காயல் மட்டி 2014 நவம்பரில் அப்படி ஒரு சான்றைப் பெற்றது. எம்.எஸ்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்ற சர்வதேச அமைப்பின் சான்று இது. இந்தியாவில் இதை முதலில் வாங்கியது பெரிய விசைப்படகுத் தொழில் அல்ல. சிறு வள்ளங்களில் போய் மட்டி அள்ளுபவர்கள்தான். அள்ளுவது, வேகவைப்பது, சதை பிரிப்பது, விற்பது என்று சுமார் 3,000 பேர் இந்தத் தொழிலை நம்பியிருந்தார்கள்.

பாதியாகச் சரிந்த மட்டி

அஷ்டமுடியில் மட்டித் தொழில் 1980களின் தொடக்கத்தில் சூடுபிடித்தது. மட்டிச் சதைக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்ததும் அள்ளுவதும் கூடியது. 1991இல் ஆண்டுக்கு 10 ஆயிரம் டன் வரை கிடைத்தது. பெரியது சிறியது பாராமல் அள்ளியதன் விளைவு, 1993இல் வரத்து ஏறக்குறைய பாதியாகிவிட்டது. விதை நெல்லையும் குத்திச் சாப்பிட்ட கதைதான்.

அதன் பிறகுதான் கட்டுப்பாடுகள் வந்தன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆய்வு செய்து வழி சொன்னது. அவை எல்லாமே எளிய விதிகள்:

* டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளக்கூடாது. மழைக்காலம் முடிந்து காயலில் உப்புத்தன்மை ஏறும் இந்தப் பருவத்தில்தான் மட்டி இனப்பெருக்கம் செய்கிறது.
* வலைக்கண்ணி 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. சின்ன மட்டி கண்ணி வழியே காயலுக்கே திரும்பிவிடும்.
* ஏற்றுமதிக்குப் போகும் சதை, கிலோவுக்கு 1,400 எண்ணத்தைத் தாண்டக்கூடாது. எண்ணம் கூடினால் குஞ்சு மட்டியை அள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.
* மட்டி எடுக்க இயந்திரம் பயன்படுத்தக்கூடாது.

மூன்றாவது விதியைக் கவனியுங்கள். காயல் முழுக்கக் காவல் நிற்க யாராலும் முடியாது. ஆனால், வாங்குபவர் தராசில் வைத்து எண்ணிப் பார்த்து 'இது வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், குஞ்சு மட்டியை அள்ளுவதில் லாபம் இல்லாமல் போகிறது.

சான்று எப்படிக் கிடைக்கிறது?

எம்.எஸ்.சி. நேரடியாக வந்து மதிப்பெண் போடுவதில்லை. தொடர்பில்லாத ஒரு தணிக்கை நிறுவனம் மூன்று கேள்விகளுக்கு விடை தேடும். அள்ளிய பிறகும் இனம் பெருகப் போதுமான அளவு மிஞ்சுகிறதா? அள்ளும் முறையால் நீர்நிலையும் மற்ற உயிர்களும் கெடுகின்றனவா? விதிகளை நடைமுறைப்படுத்த ஓர் அமைப்பு இருக்கிறதா?

ஒவ்வொரு அம்சத்துக்கும் 100க்குக் குறைந்தது 60 மதிப்பெண் வேண்டும். மூன்று பிரிவுகளிலும் தனித்தனியே சராசரி 80 வேண்டும். அஷ்டமுடியில் மட்டி கையால் அள்ளப்படுவதால் இரண்டாவது கேள்வியில் பெரிய சிக்கல் இல்லை. மூன்றாவது கேள்விக்காக மீனவர்கள், ஏற்றுமதியாளர்கள், மீன்வளத் துறையினர், விஞ்ஞானிகள் ஒரே மேசையில் உட்காரும் மேலாண்மைக் குழு அமைந்தது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியா அமைப்பும் உடன் நின்றது.

சான்று வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. அதன் ஆயுள் ஐந்து ஆண்டுதான். ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. ஆய்வுச் செலவும் சிறு மீனவர் ஒருவர் தனியாகத் தாங்கக்கூடியதல்ல.

சான்றுக்கு எட்டாத இடம்

இந்தக் கதையில் கசப்பான பகுதியும் இருக்கிறது. மீனவர் விதியைக் காத்தாலும் தண்ணீரை அவர் மட்டும் காக்க முடியாது. பின்னாளில் அஷ்டமுடியில் மட்டி வரத்து கடுமையாகக் குறைந்தது. மாசு, தட்பவெப்ப மாற்றம் இவற்றோடு, தென்னமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த அந்நிய மட்டி இனம் ஒன்றும் காயலில் பரவியது. எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லி நொந்துகொள்வதும் இதே இனத்தைத்தான். கொத்துக் கொத்தாகப் படர்ந்து, நாட்டு மட்டியும் இறாலும் வாழ வேண்டிய தரையை இது மூடிவிடுகிறது. கப்பல்கள் வழியாக வந்து சேரும் இந்த உயிரை வள்ளத்தில் போகிறவர் எப்படித் தடுப்பார்?

2024இல் விழிஞ்ஞம் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த 30 லட்சம் மட்டிக் குஞ்சுகளை ஆராய்ச்சி நிலையம் அஷ்டமுடியில் விட்டது. தாய் இருப்பை மீட்டெடுக்கும் முயற்சி இது.

நம் கழிமுகத்தில் என்ன செய்யலாம்?

மட்டி எடுக்கும் ஊர் உங்களுடையது என்றால், சான்றுக்கு விண்ணப்பிப்பதைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். அதற்கு முந்தைய வேலைகளைத் தொடங்குங்கள். தினம் எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை கிலோ கிடைத்தது, எந்த அளவு மட்டி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னாளில் எந்தத் தணிக்கையாளர் வந்தாலும் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான். ஆற்றில் கழிவு கலந்து மட்டி செத்தால், நட்டத்தை நிரூபிக்க உதவுவதும் அதே நோட்டுதான்.

உங்கள் பகுதி மட்டி எந்த மாதத்தில் இனப்பெருக்கம் செய்கிறது என்று மீன்வளத் துறையிடமோ ஆராய்ச்சி நிலையத்திடமோ கேளுங்கள். அஷ்டமுடியின் மாதங்கள் உங்கள் கழிக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. பிறகு ஊர்க்கூட்டம் போட்டு, ஓய்வுக் காலத்தையும் கண்ணி அளவையும் எல்லோருமாக முடிவு செய்யுங்கள். வியாபாரியையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர் குஞ்சு மட்டியை வாங்கிக்கொண்டே இருந்தால், நீங்கள் விட்டுவைத்ததை அடுத்தவர் அள்ளிக்கொண்டு போவார்.

ஓய்வுக் காலத்தில் அடுப்பு எரிய மாற்று வேலை வேண்டும். அதையும் அதே கூட்டத்தில் பேசுங்கள். பசியோடு இருப்பவரிடம் விதி மட்டும் சொன்னால், விதி நிற்காது.