வயருக்குக் களிமண் சட்டை!

ஒரே ஒரு மெழுகுவத்தி... 1,600-க்கும் மேல் கேபிள்கள் காலி! 1975 மார்ச் 22, அமெரிக்காவின் அலபாமாவில் இருக்கும் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். சுவரில் கேபிள் நுழையும் ஓட்டை வழியே காற்று கசியுதான்னு மெழுகுவத்தியைக் காட்டிப் பார்த்திருக்காங்க. (அணுமின் நிலையத்துல மெழுகுவத்தி! நம்ம லேப்ல கூட விடமாட்டாங்க பாஸ்.) ஓட்டையை அடைச்சிருந்த ஃபோம் பத்திக்க, தீ கேபிள் மேலேயே ஊர்ந்து போய் பாதுகாப்பு சிஸ்டங்களையே முடக்கிடுச்சு.

கரன்ட் போற செம்பு இதுல குற்றவாளி இல்லை. எரியறது மேலே இருக்கும் பிளாஸ்டிக் சட்டை. அதிகம் புழங்குற பி.வி.சி.யோட எடையில பாதிக்கு மேல குளோரின். அதனால சட்டுன்னு பத்திக்காது, நல்ல பிள்ளைதான். ஆனா பத்திக்கிட்டா கரும்புகையோட ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தைத் தொட்டா அதுவே ஹைட்ரோகுளோரிக் ஆசிட். உங்க கண்ணிலும் தொண்டையிலும் ஈரம்தானே இருக்கு? மாடிப்படி எங்கேன்னு தேடுற நேரத்துல கண்ணைத் திறக்க முடியலேன்னா..?

சரி, குளோரினே இல்லாத பாலிஎத்திலீன், ஈ.வி.ஏ. போடலாமா? அது மெழுகு மாதிரி எரியும். அதனால அலுமினியம் ஹைட்ராக்சைடு பவுடரைக் கலக்குறாங்க. சுமார் 200 டிகிரி செல்சியஸுல இது உடைஞ்சு, தன் எடையில மூணுல ஒரு பங்கை நீராவியா விடும். வயருக்குள்ளேயே ஃபயர் சர்வீஸ்! சிக்கல் என்னன்னா, மொத்த எடையில 60 சதவிகிதம் வரைக்கும்கூட கொட்டணும். அப்புறம் அது பிளாஸ்டிக்கா, சாக்பீஸா? விறைச்சுப் போகும், இழுத்தா சீக்கிரம் அறுந்துடும்.

இங்கேதான் நானோ என்ட்ரி. மான்ட்மோரில்லோனைட்னு ஒரு களிமண். இதோட ஒவ்வொரு தகடும் 1 நானோமீட்டர் கனம்தான். 5 சதவிகிதம் போல கலந்தாலே போதும், பிளாஸ்டிக் எரிய எரிய தகடுகள் மேலே சேர்ந்து கரியோட ஓடு கட்டிடும். வெப்பம் உள்ளே போறதும், எரியற வாயு வெளியே வர்றதும் லேட்டாகும். உருகிச் சொட்டறதும் குறையும். பெல்ஜியத்தின் காபெல்வெர்க் ஆய்ப்பன் கம்பெனி இந்த மண்ணையும் அந்தப் பவுடரையும் ஜோடி சேர்த்துப் பார்த்தது. பவுடரைக் குறைச்சும் தீயை அடக்க முடிஞ்சது.

ஆனா மண்ணு தண்ணிக் கட்சி, பிளாஸ்டிக் எண்ணெய்க் கட்சி. சும்மா கலந்தா கட்டி தட்டிடும். கட்டி தட்டினா அது நானோ இல்ல, வெறும் மண்ணு! அதுக்காகத்தான் களிமண்ணுக்கு முன்னாடியே ஒரு அம்மோனியம் உப்பு மேக்கப் போடுறாங்க. இன்னொண்ணு, களிமண்ணை மட்டும் நம்பினா தீ பத்திக்கிற நேரம் தள்ளிப் போயிடாது, எரியற வேகம்தான் குறையும். அதனால என் ஓட்டு கூட்டணிக்குத்தான்.

அடுத்த தடவை எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போனா வயர் அட்டையைத் திருப்பிப் பாருங்க. வெறும் எஃப்.ஆர்.னு இருந்தா, தீ பரவறதைத் தடுக்கும் பி.வி.சி. புகையைப் பத்தி அதுல பேச்சே இல்ல. இசட்.ஹெச்.எஃப்.ஆர்.னு இருந்தா ஹாலஜன் இல்லாத உறை. விலைதான் கொஞ்சம் கூட.